கினி 0.25-ஆ, 0.49-ஆ? ஊதிய ஏற்றத்தாழ்வை அளக்கும் வழியும் விளக்கும் வழியும்

கேள்வியின் சாரம் இது. உலக வங்கிக் கணக்குப்படி இந்தியாவின் கினி (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்; பூஜ்யம் என்றால் எல்லாருக்கும் சமம், எண் ஏற ஏற ஏற்றத்தாழ்வு கூடும்) 25.5, உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் நாமும் ஒன்று என்று 2025இல் செய்தி வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு இந்திய ஊதிய அறிக்கையோ 2011-12இல் ஊதியங்களின் கினி 0.49 என்கிறது. எது சரி? மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் ஒருவர் இதைத் தானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? பார்த்தால் காரணமும் சொல்ல முடியுமா?

இரண்டும் சரிதான். இரண்டும் வேறு வேறு பொருளை அளக்கின்றன, அவ்வளவே. 25.5 என்பது 100க்கு. 0 முதல் 1 வரையுள்ள அளவில் 0.255. அது 2022-23இன் குடும்பச் செலவு, தலைக்கு இவ்வளவு என்று வகுத்தது. ஒரு வீட்டில் அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலை, மகனுக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை என்றால் மூன்று பேர் வருமானமும் ஒரே உலையில் விழுகிறது. அங்கேயே பாதி வித்தியாசம் கரைந்துவிடும். வசதியானவர் செலவழிக்காமல் சேர்த்துவைப்பதும் செலவுக் கணக்கில் வராது. 0.49 என்பதோ தனி ஆள் ஒருவரின் தினசரி ஊதியம், வேறோர் ஆண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

பலரும் நேராகக் கினி சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். சூத்திரம் கடைசி வேலை. யாருடைய ஊதியம், எந்தக் கால அளவுக்கு என்ற இரண்டையும் முடிவு செய்யும்போதே விடையின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

முதலில் 'யார்' என்பது. மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்தே வேலை செய்கிறார்கள். துணி வியாபாரியுடையது, முடிச்சுக்கு அல்லது சேலைக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் அப்பளம் தேய்ப்பவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். பார்க்கிற யாரும் இவர்களைக் கூலித் தொழிலாளி என்றுதான் சொல்வார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வரையறையில் இவர்கள் சுயதொழில் செய்பவர்கள், குறியீடு 11. நீங்கள் 31 (நிரந்தரச் சம்பளம்), 41, 51 (அன்றாடக் கூலி) ஆகிய குறியீடுகளை மட்டும் எடுத்து ஊதியப் பரவலைப் போட்டால், மணிக் கணக்கில் மிகக் குறைவாக வாங்கும் ஒரு கூட்டம் அப்படியே கணக்கிலிருந்து காணாமல் போகும். இப்படி வீட்டிலிருந்தே கூலிக்குச் செய்துகொடுக்கும் முறை பரவினால், ஒருவருக்கும் ஒரு பைசா கூடாமலேயே 'ஊதிய' ஏற்றத்தாழ்வு குறைந்ததாகத் தெரியும். ஆகவே இவர்களைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். இப்போதைய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு சுயதொழிலாளர்களிடம் கடந்த 30 நாள் வருமானத்தைக் கேட்கிறது, எனவே இது முடியாத காரியம் அல்ல. ஆனால் அதில் பெட்டிக்கடைக்காரரும் கமிஷன் மண்டிக்காரரும் கலந்திருப்பார்கள். தொழிற்பிரிவு, பணிப்பிரிவு குறியீடுகளை வைத்து வடிகட்ட வேண்டும்.

அடுத்தது கால அளவு. எண்கள் உதாரணத்துக்கு: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளருக்கு மாதம் 12,000 ரூபாய். கட்டட வேலையில் கொத்தனாருக்கு நாள் 1,000. கடைக்காரப் பையன் 'நிரந்தர' வகை, கொத்தனார் 'அன்றாட' வகை. 12,000ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 400. வேலை நாள் 26ஆல் வகுத்தால் 461. வகுக்கும் எண்ணை மாற்றியதிலேயே 15 விழுக்காடு ஏறிவிட்டது. மணிக் கணக்குக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. கடையில் 11 மணி நேரம் நின்றால் மணிக்கு 42 ரூபாய்தான். கொத்தனாருக்கு 8 மணி நேரத்துக்கு 125. (கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத்திருத்தம் வந்தது.) மாதச் சம்பளமாகப் பார்த்தால் படம் திரும்பவும் மாறும்: கொத்தனாருக்கு அந்த மாதம் 14 நாள்தான் வேலை என்றால் 14,000.

வயலில் இதன் மறுபக்கம். களையெடுப்பு காலை 9 மணிக்கு இறங்கி மதியம் 2 மணிக்குக் கரையேறும் வேலை, பெண்கள் வேலை. வரப்பு வெட்டுவது, மூட்டை தூக்குவது ஆண்களுக்கு, சாயங்காலம் வரை. நாள் கூலியை மட்டும் ஒப்பிட்டால் ஆண்-பெண் இடைவெளி உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். கணக்கெடுப்பு முறைப்படி 4 மணி நேரமோ அதற்கு மேலோ செய்தாலே முழு நாள் என்று பதிவாகிவிடும், ஆகவே அந்த ஐந்து மணி நேரம் மற்றவர்களின் எட்டு மணி நேரத்தோடு சமமாக நிற்கும். நல்லவேளையாக 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒவ்வொரு நாளுக்கும் வேலை செய்த மணியையும் கேட்கிறது. அந்த எண்ணைப் பயன்படுத்தாமல் விடுவது பாவம்.

நாள் கூலியிலிருந்து மாத வருமானத்துக்குப் போகும்போது ஒரு சின்ன சூத்திரம் நிறைய வேலை செய்யும். மாத வருமானம் என்பது கூலி விகிதம் பெருக்கல் நாட்கள். லாக் (மடக்கை) எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். எனவே மாத வருமான லாக்கின் விலக்கவர்க்கம் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) = கூலி விகித லாக்கின் விலக்கவர்க்கம் + நாட்கள் லாக்கின் விலக்கவர்க்கம் + இரண்டின் உடன்மாறுபாட்டைப் (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு) போல் இரு மடங்கு. கவனிக்க வேண்டியது கடைசி உறுப்பு. கொத்தனாருக்கு 1,000 வீதம் 14 நாள், சித்தாளுக்கு 600 வீதம் 12 நாள் என்று வையுங்கள். கூலி விகிதத்தில் 1.67 மடங்கு, மாத வருமானத்தில் 14,000க்கு 7,200, அதாவது 1.94 மடங்கு. கூலி குறைந்தவருக்கே நாளும் குறைவு என்றால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இதில் ஒரு பள்ளம் உண்டு: அன்றாடக் கூலியாளிடம் கணக்கெடுப்பு ஏழு நாள் கூலியைத்தான் கேட்கிறது. அதை 30/7ஆல் பெருக்கி மாதமாக்கினால், அந்த ஒரு வாரம் மழையோ திருவிழாவோ வந்ததெல்லாம் ஏற்றத்தாழ்வாகப் பதிவாகிவிடும். வேலையே கிடைக்காதவருக்குப் பூஜ்யம். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. மென்பொருள் சத்தமில்லாமல் அவரைக் கழித்துவிட்டுப் போகும். எத்தனை பேர் அப்படிக் கழிந்தார்கள் என்று கட்டாயம் எழுதி வையுங்கள்.

இனி அளவுகோல். பத்துப் பேர், நாள் ஊதியம் இப்படி: 250, 300, 350, 400, 500, 600, 700, 900, 1,500, 4,500. மொத்தம் 10,000, சராசரி 1,000, நடு மதிப்பு 550. பத்தில் எட்டுப் பேர் சராசரிக்குக் கீழே, ஆகவே 'சராசரி ஊதியம் உயர்ந்தது' என்ற செய்தியை நடு மதிப்பு தெரியாமல் நம்ப வேண்டாம். கினிக்கு: சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, ஒவ்வொரு ஊதியத்தையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள், 80,200 வரும். அதை இரண்டால் பெருக்கி, ஆட்கள் எண்ணிக்கை 10, மொத்த ஊதியம் 10,000 இரண்டாலும் வகுத்தால் 1.604. அதிலிருந்து (10+1)/10, அதாவது 1.1ஐக் கழித்தால் 0.504.

மேலே இருக்கும் ஒருவரின் 4,500ஐ 9,000 ஆக்குங்கள். கினி 0.627க்குத் தாவும். ஒன்பதாவது ஆளை இரண்டாவது ஆளோடு ஒப்பிடும் விகிதம் (1,500/300 = 5) அசையவே அசையாது. அதற்குப் பதிலாகக் குறைந்தபட்சக் கூலி 350 என்று ஆணை வந்து கீழே உள்ள இருவரும் 350க்கு வந்தால், விகிதம் 5லிருந்து 4.3க்கு இறங்கும், கினியோ 0.504லிருந்து 0.484 வரைதான் வரும். கீழ்த்தட்டில் நடக்கும் நல்லதைக் கினி மங்கலாகத்தான் காட்டும், மேல்தட்டில் ஓர் ஆள் கணக்கில் விடுபட்டாலும் ஆட்டம் காணும். அதனால் ஓர் எண்ணோடு நிறுத்தாமல் 90ஆவது நூற்றுமானத்தை (நூறு பேரைக் கீழிருந்து வரிசையில் நிறுத்தினால் 90ஆவது ஆளின் ஊதியம்) 50ஆவதோடும், 50ஆவதை 10ஆவதோடும் தனித்தனியே ஒப்பிடுங்கள். மேல் பாதி விரிகிறதா, கீழ்ப் பாதி சுருங்குகிறதா என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும். குழுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் தைல் குறியீடு (இன்னோர் ஏற்றத்தாழ்வு அளவுகோல்) அல்லது லாக் விலக்கவர்க்கம். 'குழுக்களுக்கு உள்ளே', 'குழுக்களுக்கு இடையே' என்று இவை மீதியில்லாமல் பிரியும். கினி பொதுவாக அப்படிப் பிரியாது.

தரவு விஷயம். அலகுத் தரவு (ஆள்வாரியான மூலப் பதிவுகள்) புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசம். எழுத்துக் கோப்பாக வரும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்த விவரம் என்ற பட்டியல் கூடவே இருக்கும். பழைய ஆண்டறிக்கை வடிவத்தில் வேலை செய்வதானால் முதல் வருகைக் கோப்பை (ஒரு வீட்டுக்கு முதல் தடவை போனபோது எடுத்த விவரம்) மட்டும் எடுங்கள். அதில் மறு வருகை நகர்ப்புறத்துக்கு மட்டுமே இருந்தது, கலந்தால் நகரம் கனத்துவிடும். எடை தான் அடுத்த பொறி, அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண். கோப்பில் உள்ள பெருக்கியை அப்படியே போடக் கூடாது. கோப்பில் NSS (அந்தத் துணைமாதிரியில் எடுத்த பகுதிகளின் எண்ணிக்கை), NSC (இரு துணைமாதிரிகளும் சேர்ந்த எண்ணிக்கை) என்ற இரண்டும் சமமாக இருந்தால் 100ஆலும், இல்லையென்றால் 200ஆலும் வகுத்து, ஆண்டு மதிப்பீட்டுக்குக் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க எளிய வழி: மக்கள்தொகையையும் நிரந்தரச் சம்பளக்காரர் பங்கையும் கூட்டிப் பார்த்து அச்சிட்ட அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தாமல் ஊதியத்தைத் தொடவே வேண்டாம்.

பிறகு ஊதிய எண்களின் முகத்தைப் பாருங்கள். மக்கள் 10,000, 12,000, 15,000 என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். பரவலில் அந்த இடங்களில் கூட்டம் கூட்டமாக ஆள் நிற்பார்கள். அதனால் ஒரு நூற்றுமானம் இரண்டு வருஷம் 10,000இலேயே ஒட்டிக்கொண்டு நின்று, மூன்றாம் வருஷம் திடீரென்று 12,000க்குக் குதிக்கும். அதைப் பார்த்துவிட்டு 'அந்த ஆண்டு என்ன கொள்கை மாற்றம்' என்று தேடிப் போகிறவர்கள் உண்டு. மாற்றம் எதுவும் இருக்காது. கூட்டம் நிற்கும் எண்ணைச் சுற்றி ஊதியத்தைச் சற்றே பரப்பிவிட்டு நூற்றுமானத்தை எடுத்தால் இந்தக் குதிப்பு அடங்கும்.

2011-12 வரை ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடந்த கணக்கெடுப்பை 2017-18க்குப் பிந்தையதோடு ஒட்ட வைப்பது எல்லாவற்றிலும் சிக்கலானது. பழையது நிரந்தரச் சம்பளக்காரரிடமும் ஒரு வார ஊதியத்தைக் கேட்டது. புதியது போன நாட்காட்டி மாதச் சம்பளத்தைக் கேட்கிறது. எனவே 1993-94 முதல் 2011-12 வரை ஒரு கோடு, 2017-18 முதல் இன்னொரு கோடு. நடுவில் இடைவெளி விட்டே வரையுங்கள்.

விலைவாசியைப் பற்றிச் சுருக்கமாக. கிராமக் கூலிக்கு விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீடு, நகரத்துக்குத் தொழிற்சாலைத் தொழிலாளர் குறியீடு; இரண்டாவதற்கு மதுரையும் விலை சேகரிக்கும் ஒரு மையம். அந்த இரண்டாவதன் அடிப்படை ஆண்டு 2001இலிருந்து 2016க்கு மாறியபோது இணைப்புக் காரணி (புதிய எண்ணைப் பழைய தொடரோடு சேர்க்கப் பெருக்க வேண்டிய எண்) 2.88. அதை மறந்தால் ஒரே மாதத்தில் விலைவாசி மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது போலத் தெரியும். ஒரே ஆண்டுக்குள் ஒப்பிட்டாலும் மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறு. டெண்டுல்கர் குழு மாநிலவாரியாக வகுத்த வறுமைக் கோடுகளின் விகிதத்தை அதற்குப் பயன்படுத்துவது வழக்கம், குறையுள்ள வழிதான், இருந்தாலும் எதுவும் செய்யாமல் விடுவதைவிட மேல்.

இனி விளக்கம். பொதுவாகச் செய்வது ஒவாக்சா, பிளைண்டர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1973இல் தனித்தனியே எழுதிய பிரிப்பு: இரு குழுக்களின் ஊதிய இடைவெளியில் எவ்வளவு வேலை, தகுதி வித்தியாசத்தால் வந்தது ('விளக்கப்பட்டது'), எவ்வளவு அதே வேலைக்குத் தரும் விலை வேறாக இருப்பதால் வந்தது என்று பிரிப்பது. சிறு உதாரணம்: தையல் கூடம் ஒன்றில் ஆண்களில் பாதிப் பேர் டெய்லர் (900), பாதிப் பேர் ஹெல்பர் (600), சராசரி 750. பெண்களில் 10 விழுக்காடு டெய்லர் (500), மீதி ஹெல்பர் (400), சராசரி 410. இடைவெளி 340. டெய்லர் பங்கில் உள்ள வித்தியாசம் 0.4. ஆண்களின் விலையில் டெய்லருக்குக் கூடுதல் 300, எனவே 'விளக்கப்பட்ட' பகுதி 120, அதாவது 35 விழுக்காடு. பெண்களின் விலையில் கூடுதல் 100 மட்டுமே, விளக்கப்பட்டது 40, வெறும் 12 விழுக்காடு. தரவு ஒன்று, விடை இரண்டு. இரண்டையும் போடாமல் ஒன்றை மட்டும் போடும் கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

'விளக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு 'நியாயமானது' என்று பொருள் இல்லை. கட்டட வேலையில் சித்தாளாகச் சேரும் ஆண் கரண்டி பிடித்துப் பழகிக் கொத்தனாராவான். பெண் இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான். பணிப்பிரிவைச் சமன்பாட்டில் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். ஆனால் சுருங்கியது பாகுபாட்டைக் கட்டுப்பாட்டு மாறியாக்கி (சமன்பாட்டில் நிலையாகப் பிடித்துவைக்கும் காரணியாக்கி) ஒளித்ததால். சாதிக்கும் இதே கதை: யார் எந்த வேலைக்குள் நுழைய முடிகிறது என்பதே கேள்வியாக இருக்கும்போது, வேலையை நிலையாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவது கேள்வியைத் தவிர்ப்பதாகும். வேலைப்பிரிவு இல்லாமல் ஒன்று, சேர்த்து ஒன்று என்று இரண்டு அட்டவணை கொடுங்கள். சராசரியைத் தாண்டிப் பரவல் முழுதும் பார்க்க வேண்டுமானால் டினார்டோ, ஃபோர்டின், லெமியூ என்ற பொருளியலாளர்கள் 1996இல் காட்டிய மறு எடையிடல் (ஒரு குழுவின் ஆட்களுக்கு எடையை மாற்றி இன்னொரு குழுவைப் போல ஆக்கிப் பார்ப்பது) கைக்கு எளிது. அமெரிக்காவில் 1980களில் குறைந்தபட்சக் கூலியின் நிஜ மதிப்பு சரிந்தது கீழ்த்தட்டை, அதிலும் பெண்களை, எப்படித் தள்ளியது என்று அதை வைத்துத்தான் காட்டினார்கள். இன்னொன்று: லாக் வித்தியாசம் 0.405 என்றால் 40.5 விழுக்காடு அல்ல, 50.

அமெரிக்கப் பாடநூல் விளக்கம், அதாவது தொழில்நுட்பம் படித்தவர் தேவையைக் கூட்டியது, படித்தவர் வரத்து ஈடு கொடுக்கவில்லை என்பது, இந்தியாவுக்குப் பாதிதான் பொருந்தும். இங்கே மேல்தட்டில் அரசுச் சம்பளம் ஒரு தனி இயந்திரம். ஏழாவது ஊதியக் குழுவில் மத்திய அரசின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 7,000இலிருந்து 18,000 ஆனது, உச்சம் 2,50,000. அந்த ஏற்றம் சந்தையில் வரவில்லை, 2016 ஜனவரி 1 என்ற தேதியில் வந்தது. கீழ்த்தட்டில் நூறு நாள் வேலை. அது 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது திண்டுக்கல்லும் சிவகங்கையும் பட்டியலில் இருந்தன, நடுவில் இருக்கும் மதுரைக்கு 2008இல்தான் வந்தது. இரண்டு வருஷ இடைவெளியில் பக்கத்துப் பக்கத்து மாவட்டக் கூலிகளை ஒப்பிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் முதல் கட்ட மாவட்டங்கள் பின்தங்கியவை என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இரு பக்கக் கூலியும் ஒரே சாய்வில் போனதா என்று காட்டாமல் முடிவு சொல்லக் கூடாது. 2004-05க்குப் பிறகு ஊதிய ஏற்றத்தாழ்வு ஓரளவு தணிந்ததற்கு அன்றாடக் கூலி வேகமாக ஏறியது காரணம். அந்த ஏற்றத்தில் கட்டடத் தொழில் ஆட்களை வயலிலிருந்து இழுத்ததற்கும் பெரிய பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஒரு திட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இடம் என்ற காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 850 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் சுமார் 500, மத்தியப் பிரதேசத்தில் 280க்கும் குறைவு. அதே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம். மதுரையில் கட்டடம் கட்டவும் ஓட்டலில் பரிமாறவும் வடமாநிலத்தார் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கட்டட இடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குபவர்கள் வீட்டுப் பட்டியலில் எளிதில் விடுபடுவார்கள், அதனால் தமிழ்நாட்டுக் கீழ்த்தட்டு கணக்கெடுப்பில் கொஞ்சம் மேலே தெரியக்கூடும்.

நிறுவனம் என்ற காரணமும் உண்டு. ஒரே ஆலை, ஒரே ஷிப்ட், ஒரே மிஷின். ஒருவர் கம்பெனி ரோலில், மற்றவர் ஒப்பந்தக்காரர் ரோலில். குடும்பக் கணக்கெடுப்பு இதைப் பிடிக்காது, ஏனென்றால் இருவரும் எந்த ஆலை என்ற விவரம் அதில் இல்லை. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பில் நேரடித் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், மேற்பார்வையாளர் என்று தனித்தனியே வரும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் பொதுவாக அதில் இல்லை.

மதுரை மாவட்டத்துக்கு மட்டும் ஒரு கினி போட முடியுமா என்றால், 2024 வரையிலான தரவில் வேண்டாம். மாதிரி மாவட்ட அளவுக்கு வடிவமைக்கப்பட்டதல்ல. 2025 ஜனவரி முதல் மாவட்டமே அடிப்படை அடுக்கு, அதாவது மாவட்டவாரியாகப் பிரித்தே மாதிரி எடுக்கிறார்கள். மாதிரி சுமார் 1.02 லட்சம் குடும்பங்களிலிருந்து 2.72 லட்சமாகக் கூடியிருக்கிறது. அப்போதும் மாவட்டத்துக்கு விழும் ஊதியக்காரர் சில நூறு பேர்தான். பிழை எல்லையைக் கணக்கிடும்போது ஆட்களை அல்ல, தேர்ந்தெடுத்த கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் அலகாக வைத்து மறுமாதிரி எடுங்கள் (எடுத்த மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்பப் பொறுக்கிக் கணக்கிடுவது). ஒரே தெருவில் எடுத்த வீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்பதால், ஆள் கணக்கில் போட்டால் எல்லை பொய்யாகக் குறுகிவிடும். மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் ஐந்தையும் சேர்த்து ஒரு வட்டாரமாக எடுத்துத் தொடங்குவது நல்லது. கினியை விட்டுவிட்டு நடு மதிப்பு, 50/10 விகிதம் இரண்டை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள்.